இடது பக்கத்து மருமகள்

என் கண்ணில் எவனும் கத்தி வைக்கக் கூடாது. போன வசந்தத்தில் நான் எடுத்த மகத்தான முடிவு இது. கத்தி வைக்கிறேன் என்று சொன்னது எவனும் இல்லை, ஓர் அம்மாள். நாரின் நகரத்துக் கண் டாக்டர்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம். சொட்டு மருந்துக்குக் கட்டுப்படவில்லை. "இந்த மாத்திரை அழுத்தத்தை இறக்கும். ஆனா ஆபரேஷன் வரைக்கும்தான். காலம் பூரா முழுங்கினா உடம்பு தாங்காது" என்றார். முழுங்கினேன். மறுமுறை போனபோது அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. இறங்கிவிட்டது இல்லையா? அப்புறம் எதற்குக் கத்தி? டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"மாத்திரையே போதும்னுட்டாங்க, கலிபா" என்றேன் மனைவியிடம்.

"அவங்களா சொன்னாங்க?"

"அவங்க வாயாலேயே."

மாத்திரை தன் வேலையைச் செய்தது. கூடவே கேட்காத வேலையையும் செய்தது. விரல்கள் எல்லாம் எறும்பு ஊறியது. முற்றத்துக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். குமிஸைக் கெடுத்ததுதான் தாங்கவில்லை. கிர்கிஸ் ஆண்பிள்ளைக்குக் கோடைக்காலமே அந்த நுரைக்கும் குதிரைப்பாலுக்காகத்தான் வருகிறது.

"என்னடி இது, இரும்புத் துண்டை நக்கின மாதிரி இருக்கு? உன் தம்பி குதிரைக்கு லாடத்தைத் தின்னக் குடுத்தானா?"

"குதிரை புல்லுதான் தின்னுது. மாத்திரை தின்னுறது நீங்க."

"விரல் வேற மரத்துப் போகுது."

"நாக்கு நல்லாத்தானே இருக்கு, கிழவரே."

அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இந்த நோய் நேர் எதிரே இருப்பதை விட்டுவைக்கும். ஓரத்தில் இருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். என் இடது பக்கம் என்று ஒரு பக்கமே மெல்ல மெல்ல இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. கத்தி அதைவிடப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்குக் கல்யாணம் ஆகி பெகாயிம் வந்தாள். தங்கமான பெண். தினமும் காலையில் நாங்கள் இருக்கும் அறைக்கு வந்து, வாய் திறக்காமல், கையை முழங்காலில் வைத்துக் குனிந்து வணங்குவாள். பெரியவர் உடனே "நீடூழி வாழு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உன்னை மருமகளாக ஏற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டு வாசல் நான் உட்காரும் இடத்துக்கு இடது பக்கம். வருகிறவள் நின்று வணங்குவதும் அந்தப் பக்கம்தான்.

ஒருநாள் கலிபா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"ஒரு வாரமா வணங்குது. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. மாட்டுக் கொட்டாயில போய் அழுவுது. 'மாமாவுக்கு என்னைப் பிடிக்கல, அம்மா வீட்டுக்கே போயிடறேன்'ங்குது."

பார்க்கவில்லை என்று சொன்னால் கத்தி. பார்த்தேன் என்று சொன்னால் நான் ராட்சசன்.

"மருமகள்னா கொஞ்சம் பயம் இருக்கணும், அதான்" என்றேன். என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். தேநீர் நேரம். வாசலில் காலடிச் சத்தம். துணி சரசரத்தது. தலையைத் திருப்பினால் குட்டு உடைந்துவிடும். நேரே பார்த்தபடி கம்பீரமாகச் சொன்னேன்: "நீடூழி வாழு, தாயி. பிள்ளைகுட்டியோட நல்லா இரு."

எதிரில் இருந்த கலிபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யாருக்குச் சொல்றீங்க?"

"பெகாயிமுக்குத்தான்."

"அவ விடியக்காலையிலயே பையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளே. நீங்க கதவுத் திரைக்கு ஆசீர்வாதம் பண்றீங்க."

எனக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. என் கண்ணை நானே நம்பி எத்தனையோ நாளாகிவிட்டது.

"கலிபா, எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலடி. அவ வணங்கினது சத்தியமா எனக்குத் தெரியாது. போய்க் கூட்டிட்டு வாடி. எம்மேல தப்பு. டாக்டர் அறுக்கணும்னுதான் சொன்னாங்க. நான்தான் மறைச்சேன்."

என் இடது கையை யாரோ பிடித்தார்கள். ஈரமாக இருந்தது.

"நான் இங்கதான் மாமா இருக்கேன்" என்றது பெகாயிமின் குரல். "நீங்க வாழ்த்தினப்பவும் இங்கதான் நின்னேன்."

"கண்ணு தெரியறவரா இருந்தா, 'இதோ நிக்குறாளேடி பொய்க்காரி'ன்னு என்னைத் திட்டியிருப்பீங்க" என்றாள் கலிபா. ஜெயித்தவள் முகம் இல்லை அது. அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் அப்பா செத்தபோதுதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் நாரின். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

"அந்த இடது பக்கம் எப்ப திரும்ப வரும்?"

"போனது வராது, ஐயா. மாத்திரையாலயும் வராது, கத்தியாலயும் வராது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இதெல்லாம். சொன்னப்பவே வந்திருந்தா மிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கலிபாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சொல்ல மனசு வரவில்லை.

"என்ன சொன்னாங்க?" கலிபாவின் குரல் மட்டும் கேட்டது.

"எல்லாம் பழையபடி வந்துடுமாம்" என்றேன், குரல் வந்த பக்கமாகத் தலையை ஆட்டி.

அவள் எழுந்து, என்னைச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே பொய் சொல்றதா இருந்தா இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க."