நம்ம படம்

"நம்ம படம்" எது என்று டிராக்கிங் சாருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை வெளியே சொல்லவும் வழியில்லை.

டிராக்கிங் என்பது ஆபீஸில் வைத்த பெயர். பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவு அவருடையது. ஊரார் தொலைக்கிற பார்சல் எந்த லாரியில், எந்த மூலையில், எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் மட்டும், மூக்குக்கண்ணாடி தன் தலைமேல்தான் இருக்கிறது என்பதை மனைவி சொல்லித் தெரிந்துகொள்வார்.

வம்பு புதன்கிழமை காலையில் ஆரம்பித்தது. டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து 'காதல் படங்களைக் கொன்றது யார்' என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்போன்தான் கொன்றது என்றார் ஒருவர். இல்லை, அரிவாள்தான் என்றார் இன்னொருவர். டிராக்கிங் சார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி கையில் பெட்டியோடு வந்து நின்றாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்த வெளியூர் கிளம்பியிருந்தாள்.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, விழுது."

"சனிக்கிழமை நம்ம கல்யாண நாள். எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. நான் வந்து சேரும்போது நம்ம படம் ரெடியா இருக்கணும்."

"இருக்கும்."

"வாயால சொன்னா போதாது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அதுல மட்டும்தான். அதையும் கோட்டை விட்டீங்கன்னா, சத்தியமா சொல்றேன், அம்மாகூடவே கிளம்பிப் போயிடுவேன்."

"ஜோடியாகப் போய்ப் பார்க்க இன்றைக்கு ஒரு படம் உண்டா?" என்று டி.வி.யில் ஒருவர் மேஜையைத் தட்டினார். டிராக்கிங் சார் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. மனைவி போய்விட்டாள்.

ஆட்டோ தெருவைத் தாண்டிய பிறகுதான், எந்தப் படம் என்ற கேள்வியே அவருக்கு உறைத்தது.

போன் பண்ணிக் கேட்டுவிடலாம்தான். ஆனால் 'எந்தப் படம்?' என்று கேட்பது, மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். போன வருஷம் அவர் கல்யாண நாளையே மறந்தார். அதற்கு முந்தின வருஷம் மறக்காமல் புடவை வாங்கினார், அந்தப் புடவையை பஸ்ஸில் மறந்தார். இந்தத் தடவையும் சொதப்பினால் அவள் சொன்னதைச் செய்துவிடுவாள். அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆபீஸில் மெல்ல வாயைக் கொடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பாக்கற மாதிரி காதல் படம்னா எதைச் சொல்லுவே?"

கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. "இப்ப யாரு சார் காதல் படம் எடுக்கறாங்க? ஹீரோவுக்கு வெட்டவே நேரம் பத்தல. எங்க ஜோடிப் படம் பேய்ப் படம்தான்."

"பேய்ப் படமா?"

"ஆமா சார். பயத்துல அவர் என் கையைப் பிடிச்சார். அதுக்கு முன்னாடி பிடிச்சதே இல்ல."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "நானும் என் வீட்டுக்காரியும் ஒரே படத்தைத்தான்யா பாக்கறோம். அவ அந்த ரூம்ல, நான் இந்த ரூம்ல. நான் இன்டர்வெல்ல இருக்கும்போது அவ வந்து கிளைமாக்ஸைச் சொல்லிட்டுப் போயிடுவா. எங்கேர்ந்து காதல் வரும்?"

இவர்களை நம்பினால் வேலைக்காகாது என்று டிராக்கிங் சார் மச்சினிக்குப் போன் போட்டார். மனைவியின் தங்கை. அக்காவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவளுடைய நினைப்பு.

"உங்க அக்காவுக்கு ரொம்பப் பிடிச்ச காதல் படம் எதும்மா?"

"எதுக்குக் கேக்கறீங்க மாமா?" குரலில் போலீஸ் வாடை அடித்தது.

"சும்மாதான்."

"நீங்க சும்மா எல்லாம் கேக்க மாட்டீங்களே. உங்களுக்குக் காதல்னா என்னன்னே தெரியாதுன்னு அக்கா சொல்லுவா."

ரோஷம் வந்துவிட்டது. "சனிக்கிழமை வீட்டுல பெரிய திரை கட்டி, நாங்க ரெண்டு பேரும் பாத்த படத்தைப் போட்டு, எல்லாரும் உட்கார்ந்து பாக்கலாம்னு இருக்கேன். போதுமா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மாமா, உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். அது அந்த மழைப் படம்தான் மாமா. கதாநாயகி ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே இருப்பாளே. அக்கா அதைப் பத்தியேதான் பேசுவா."

நிம்மதியாகப் போனை வைத்தார். அதற்குள் மச்சினி குடும்பத்துக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தியைப் போட்டுவிட்டாள். அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று அவளை மட்டும் விட்டுவிட்டு அவசரமாகப் புதுக் குழு வேறு ஆரம்பித்திருந்தாள். வருவதாக இல்லாதவர்கள்கூட வருவதாகச் சொன்னார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் கூப்பிட்டான். "மாமா, அவ பேச்சைக் கேக்காதீங்க. அக்காவுக்கு மழைன்னாலே சளி பிடிக்கும். ரயில் படம்தான். கடைசில அவன் பிளாட்பாரத்துல ஓடிவருவானே, அது."

"அவ மழைன்னு அடிச்சுச் சொல்றாளேப்பா."

"அவளுக்கு அப்ப என்ன வயசு? ஒண்ணும் தெரியாது. ரயில்தான் மாமா. வேற ஏதாவது போட்டீங்க, அக்கா மூஞ்சி எப்படி மாறும்னு நீங்களே பாருங்க."

சாயங்காலத்துக்குள் குடும்பம் மழைக் கட்சி, ரயில் கட்சி என்று இரண்டாகப் பிளந்துவிட்டது. மாமியார் நடுநிலை வகித்தார். "எதைப் போட்டாலும் சத்தமில்லாத படமா போடுங்க மாப்பிள்ளை" என்று குரல் பதிவு அனுப்பினார்.

டிராக்கிங் சாருக்கு மழைப் படம் ஞாபகம் இருந்தது, அதாவது போனது ஞாபகம் இருந்தது. முதல் இடி இடித்ததும் தூங்கிப்போனார். ரயில் படத்துக்கு அவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பியிருந்தது, மனைவியும் கிளம்பியிருந்தாள். இரண்டிலும் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

அவள் எப்போதுதான் சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். கல்யாணத்தன்று மேடைக்கு எதிரே யாரோ ஒருவர் பின்பக்கமாகவே நடந்து போய், நாற்காலியோடு சரிந்து விழுந்தார். அப்போது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதற்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டார். ஆனால் ஒதுக்கின பிறகு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஊரைக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

வழியைப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் முன்பு சி.டி. விற்ற கடைகளில் எல்லாம் இப்போது செல்போன் உறை தொங்கியது.

"காதல் படமா?" என்று கடைக்காரர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான். ஏன், கூடாதா?"

"இல்ல சார், யாரும் கேக்கறதில்ல. நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, கெடச்சா கூப்பிடறேன்."

இப்படியே கண்ட கடையில் எல்லாம் நம்பரைக் கொடுத்தார். கடைசியில் மெமரி கார்டு விற்கிற ஒருவர், "மழை, ரயில் ரெண்டுமே இருக்கு. பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன். பேரு அதேதான், பிரிண்ட்டும் புத்தம் புதுசு" என்று வயிற்றில் பால் வார்த்தார். பழைய படத்துக்கு ஏது புத்தம் புது பிரிண்ட் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அவருக்கு இருந்த அவசரத்தில் அது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். இந்த நம்பர் போன வாரமும் விடாமல் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவனாக இருக்கும் என்று அப்போதெல்லாம் துண்டித்துக்கொண்டே இருந்தார். இப்போது கை தவறி எடுத்துவிட்டார்.

"சார், உங்க படம் ரெடியாயிருச்சு சார், வந்து..."

நம்பர் கொடுத்த கடைகளில் ஒன்று போலிருக்கிறது. "வேண்டாங்க. வேற இடத்துல கெடச்சிருச்சு."

"என்ன சார், வேற இடத்துல எப்படி..."

"கெடச்சிருச்சுங்க. நீங்களே வச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார். இப்படித் தொந்தரவு பண்ணினால் மனுஷன் என்னதான் செய்வான்.

சனிக்கிழமை ஆபீஸ் புரொஜெக்டரைக் கெஞ்சி வாங்கி வந்தார். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் போன மாதம் கூடத்தைக் காலி செய்து, உடைக்க வேண்டியதையெல்லாம் உடைத்துவிட்டு, சுவரை மட்டும் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சோபாவுக்கு எதிரே, சுவருக்கு நடுவில், ஓர் ஆணி வாகாக இருந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் ஓரத்து நடுவில் கயிற்றைக் கட்டி அதில் தொங்கவிட்டு, ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். தனக்காகவே யாரோ ஆணி அடித்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி வர நேரமாகும் என்று தெரிந்தது. சொந்தக்காரர்களுக்குப் பொறுமை இல்லை.

"மாமா, சும்மா கொஞ்சம் ஓட விட்டுப் பாக்கலாம். மழை முதல்ல" என்றாள் மச்சினி.

விளக்கை அணைத்தார்கள். மழை பெய்தது. மச்சினி தன் புருஷன் தோளில் சாய்ந்தாள். மழைக்குள்ளிருந்து கதாநாயகன் வந்தான். கையில் குடை இல்லை, கோடாலி இருந்தது. அடுத்த நிமிஷம் தலைகள் உருண்டன.

"இது அந்தப் படமில்லையே" என்றாள் மச்சினி.

"பேரு அதேதான்மா."

"பேரை வச்சு மறுபடி எடுத்திருக்கான் மாமா" என்றான் மச்சினன் குஷியாக. "நான் அப்பவே சொன்னேன், ரயிலைப் போடுங்க."

ரயிலைப் போட்டார். பிளாட்பாரத்தில் ஒருவன் ஓடிவந்தான். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் ஓடிவந்து ரயிலுக்குக் குண்டு வைத்தான். வெடித்த வெடியில் விரிப்பின் ஒரு ஓரம் டேப்போடு கழன்று விழுந்தது. குழந்தை ஒன்று வீறிட்டது. காதல் எப்போது வரும் என்று யாரோ கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் வரும் என்று மச்சினன் சொன்னான். மச்சினி அவனைக் கிள்ளினாள். மழைக் கட்சியும் ரயில் கட்சியும் கை கலக்கிற நிலைமைக்கு வந்தபோது, டிராக்கிங் சார் ரிமோட்டைத் தட்டிய தட்டில் படம் நிற்பதற்குப் பதில் சத்தம் இரண்டு மடங்கானது.

"இதுக்குத்தான் காதலே வேண்டாம்னு அந்தக் காலத்துலயே சொன்னோம்" என்றார் மாமியார், காதைப் பொத்திக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மனைவி பெட்டியோடு நின்றாள். யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் எரிகிற ரயிலைப் பார்க்கவில்லை, விரிப்புக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

"நம்ம படம் எங்கே?"

"இதோ ஓடுதே" என்றார் டிராக்கிங் சார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "இது இல்லேன்னா மழையும் இருக்கு. ரெண்டு நாளா நாயா அலைஞ்சு..."

"என்ன உளர்றீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. எந்தப் படத்துல நாம சேர்ந்து சிரிச்சோம்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது. உங்கிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. நீ போயிடுவியோன்னுதான் இத்தனையும் பண்ணினேன்."

மனைவி அவரையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கோபம் மட்டும் வந்தது.

"அம்மா, பையை எடுத்துக்கோ" என்றாள்.

மாமியார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே சமயம் திறந்திருந்த கதவை யாரோ தட்டினார்கள். தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர். அக்குளில் பழைய பேப்பர் சுற்றின பெரிய சதுரப் பொட்டலம் இருந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு நேராக டிராக்கிங் சாரிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உடைஞ்ச கண்ணாடியை மாத்தித் தரச்சொல்லிக் குடுத்துட்டு, இப்ப வேண்டாம், வேற இடத்துல கெடச்சிருச்சு, நீயே வச்சுக்கோன்னு சொன்னா, நீங்க ரெண்டு பேரும் இப்படி வாய்விட்டுச் சிரிக்கற கல்யாணப் படத்தை நான் எந்த வீட்டு ஆணியில சார் மாட்டறது?"