தாடியோடு வந்த தளபதி

உலகத்தை வளைத்துப் பிடித்த அலெக்சாந்தரின் கப்பல் தளபதியை மெல்பனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வைத்த ஆள் பூமியில் ஒருவர்தான். எங்கள் நியார்க்கஸ் அண்ணை.

பெயர் நாங்கள் வைத்தது. மாணவ விசாவில் வந்த நான் மெல்பனின் புறநகரான ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அவர் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். எதைக் கேட்டாலும், அலெக்சாந்தரின் கப்பல்களைச் சிந்து நதியிலிருந்து பாரசீகம் வரை கொண்டுபோன தளபதி நியார்க்கஸிடமிருந்துதான் பதில் வரும். லாரி தாமதமா? "நியார்க்கஸ் காத்து மாறுமட்டும் கிழமைக்கணக்காக் கிடந்தவர். நீர் ஒரு மணித்தியாலம் இரும் தம்பி."

ஒரு செப்டம்பரில் வாசல் மரத்தில் கூடு கட்டிய மக்பைப் பறவை, போகிற வருகிற தலையையெல்லாம் கொத்தியது. அண்ணை கொதித்துவிட்டார். "திமிங்கிலம் வரேக்கை நியார்க்கஸ் என்ன செய்தவர்? கப்பலுகளை வரிசையா விட்டு, எக்காளம் ஊதி, கத்திக்கொண்டு நேரை போனவர். அது பயத்திலை தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு!"

மூன்று ஃபோர்க்லிஃப்ட்கள் வரிசையாக, ஹாரன் அலற, மரத்தை நோக்கிப் புறப்பட்டன. மக்பை அசையவில்லை. என்ன சத்தமென்று எட்டிப் பார்த்த மேனேஜரின் வழுக்கையில் போட்டதே ஒரு போடு! அண்ணைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

இதெல்லாம் போகட்டும், அந்தத் தாடி! படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து வளர்ந்த தாடி. மனைவி வந்து சேரும்வரை எடுக்கமாட்டாராம். பதினோரு வருஷம் கழித்து அவர் மனைவிக்கு, எங்களுக்கு அக்காவுக்கு, விசா கிடைத்ததும் நான் கெஞ்சினேன்.

"அண்ணே, ஷேவ் பண்ணிக்கோங்க. அக்காவுக்கு உங்களை அடையாளமே தெரியாது."

"நியார்க்கஸ் கரையேறேக்கையும் தாடிதான். தேடி வந்த ஆக்களே மட்டுக்கட்டேல்லை. 'நான்தான் நியார்க்கஸ்' எண்டு வாய் திறந்து சொல்லவேண்டி வந்தது. அந்தக் கோலத்தைப் பாத்து, கப்பலெல்லாம் போச்செண்டு அலெக்சாந்தர் அழுதவர். இவர் சொன்னார், 'எல்லாம் பத்திரம்' எண்டு." தாடியை நீவிக்கொண்டே மெல்லக் கேட்டார்: "உண்மையா மட்டுக்கட்டமாட்டாவோ?"

விமான நிலையத்தில் அக்கா ட்ராலியைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டிப் போயே போய்விட்டார். நாள் முழுக்க அளக்கிற மனுஷனுக்கு அன்றைக்கென்று வாய் வரவில்லை. நான்தான் கத்தினேன். "அக்கா! இவர்தான்!"

திரும்பினார். பார்த்தார். "ஐயோ, என்ன கோலமப்பா இது?" என்று அழுதார். அண்ணையும் அழுதார்.

காரில் நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, அக்காவுக்கு நியார்க்கஸ் கதையைச் சொல்லுங்களேன்."

"ஆரப்பா அது?" என்றார் அக்கா.

"ஆருக்குத் தெரியும்? இவங்கடை விசர்க்கதை!" என்றார் அண்ணை. துரோகி!

திங்கட்கிழமை காலை கிடங்கு கேட்டில் மழமழவென்று சவரம் செய்த ஒருவர் நின்றார். "யாரு சார் வேணும்?" என்றேன்.

"அடேய், நான்தான் நியார்க்கஸ்!"

அந்த மனுஷன் என்றைக்குக் கரையேறுவார் என்று நானும்தான் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன்.

"கப்பலெல்லாம் என்னாச்சுண்ணே?"

தாடியில்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார். "எல்லாம் பத்திரம், தம்பி."