இடைச்செருகலார்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வரிசைக்குக் கடைசி என்று ஓர் இடம் இருப்பதே அந்த வகைக்குத் தெரியாது. நான் அவர்களை இடைச்செருகலார் என்று அழைக்கிறேன். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். மருந்துக் கடையில் உங்களுக்கும் உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கும் இடையே ஒரு தோள் மட்டும் முதலில் வரும், பிறகு ஒரு பை வரும், பிறகு "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்று ஒரு குரல் வரும். அது அவர்தான். குடும்பப் படம் எடுக்கும்போது ஓரமாகத்தான் நிற்பார், கூச்ச சுபாவி. படம் வந்த பிறகு பாருங்கள், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்.

கெட்டவரா? ஐயையோ, தங்கமான மனிதர்! அதுதானே கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

எனக்குத் தெரிந்த இடைச்செருகலாரின் மனைவி, சமையலறையில் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி டப்பா எடுக்கிறவர். முதல் டப்பா டீத்தூள், இரண்டாவது உப்பு, மூன்றாவது சர்க்கரை. நம்மவர் ஒருநாள் ஆசையாக ஒரு கிராம்பு டப்பா வாங்கிவந்து, டீத்தூளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இரண்டாவது இடத்தில் வைத்தார். அன்று பார்த்துத்தான் அவருடைய மச்சான் வந்தார். அம்மையாரின் கை வழக்கம்போல மூன்றாவது டப்பாவுக்குப் போயிற்று. ஒரு வாய் குடித்ததும் மச்சானின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"யாருங்க நடுவுல டப்பா வெச்சது?"

"சின்ன டப்பாதானே? எவ்வளவு இடத்தை அடைச்சிடுச்சு?"

இப்படிப்பட்டவரை ஓர் ஆபீஸில், அதிலும் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிற ஆபீஸில், வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? வைத்தார்கள். ஆயிற்று.

அந்த ஆபீஸில் ஓர் அக்கா இருந்தார். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுவது அவர் வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் கார்டு அக்கா. கார்டை ஓட்டுகிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். அந்த டிரைவருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே ஒரு ஸ்ட்ரக்சர் உண்டு. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, வரிசையாகச் சில அறைகள். முதல் அறையில் கார்டின் பெயர், அடுத்ததில் முகவரி, அதற்கடுத்து ஒரே தடவையில் எவ்வளவு பெரிய தகவல் பொட்டலம் அனுப்பலாம் என்ற அளவு, ஆயிரத்து ஐந்நூறு. பிறகு 'திற', 'அனுப்பு', 'நிறுத்து' என்ற வேலைகளுக்கு ஆளுக்கோர் அறை. கடைசியில், பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று காலி அறைகள். டிரைவர் இவற்றை நிரப்பிக் கொடுக்கும். சிஸ்டம் வேண்டியபோது அந்தந்த அறைக்குப் போய் வேலை வாங்கிக்கொள்ளும். அறை வாசலில் பெயர்ப் பலகை எல்லாம் கிடையாது. எத்தனாவது அறை என்ற கணக்கு ஒன்றுதான். அதனால்தான் புதிதாக எது வந்தாலும் கடைசிக் காலி அறைக்குத்தான் போகவேண்டும் என்று அந்த ஆபீஸில் குழந்தைக்கும் தெரியும்.

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது. கார்டு அக்காவுக்கு அது நிறைமாதம். டிரைவரை முடித்து, சோதித்து, இனி யாரும் தொடக்கூடாது என்று பூட்டியும் வைத்துவிட்டார். சிஸ்டத்தை வாங்க வருகிறவர்கள் பார்த்துச் சரி என்றால் அன்று மாலையே அவர் நிம்மதியாக லீவில் போவார். வேண்டாம் என்றால் அந்தக் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. லீவு முடிந்து திரும்பி வர ஒரு நாற்காலி இருக்குமா என்பதே அந்தக் கார்டு ஓடுவதில் இருந்தது.

வாங்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கார்டு அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிஸ்டத்தை ஓடவிட்டார். திரையில் கார்டின் விவரம் வந்தது. செல்லப் பெயர்: ஆயிரத்து ஐந்நூறு.

"அதென்ன செல்லப் பெயர்?" என்று வந்தவர்களில் கண்ணாடிக்காரர் கேட்டார்.

கார்டு அக்காவுக்கும் அதே சந்தேகம்தான். சரி, போகட்டும் என்று கார்டைத் திறக்கச் சொன்னார். சிஸ்டம் 'திற' இருக்கவேண்டிய அறைக்குப் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தது 'அனுப்பு'. அனுப்ப ஒன்றும் இல்லாததால் அது மரியாதையாகத் திரும்பிவிட்டது. அடுத்து அனுப்பச் சொன்னார். அந்த அறையில் இருந்தது 'நிறுத்து'. கடமை தவறாத கார்டு பச்சை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது. "நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிங்களேன்" என்றார் கண்ணாடிக்காரர், உதவி செய்வதாக நினைத்து. நிறுத்தச் சொல்லிப் போன சிஸ்டம் காலி அறைக்குள் காலை வைத்தது. அவ்வளவுதான், மொத்தக் கம்ப்யூட்டரும் உறைந்துபோயிற்று.

கார்டு அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"ஸ்ட்ரக்சர்ல யாராவது கை வெச்சீங்களா?"

பின்னாலிருந்து நம்மவர் குரல் வந்தது. "கை எல்லாம் வெக்கலக்கா. ஒரு சின்ன அறைதான். கார்டுக்கு ஒரு செல்லப் பேர் இருந்தா நல்லாருக்குமேன்னு நேத்து சேர்த்தேன்."

"எங்க சேர்த்தீங்க?"

"முகவரிக்குப் பக்கத்துல. பேர், முகவரி, செல்லப் பேர்னு பொருத்தமா இருக்கும்ல?"

கார்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலியா, சிரிப்பா, கொலைவெறியா என்று யாருக்கும் புரியவில்லை. "பூட்டின டிரைவர் பழைய கணக்குல நிரப்புது, சிஸ்டம் உங்க புதுக் கணக்குல தேடுது. அந்த அறையைக் கடைசிக்குக் கொண்டு போறேன். சிஸ்டத்தைத் திரும்பக் கட்டணும், கொஞ்சம் நேரமாகும். அவங்க போயிடாம பார்த்துக்கங்க, யாராச்சும்" என்றார்.

வந்தவர்களோ எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸே கையைப் பிசைந்தது. அப்போதுதான் நம்மவர் விசுவரூபம் எடுத்தார். கண்ணாடிக்காரர் "அப்போ நாங்க..." என்றார். அவர் "கிளம்பறோம்" என்பதற்குள் நம்மவர் நடுவில் புகுந்து, "உங்க கண்ணாடி எந்தக் கடையில வாங்கினது?" என்றார். கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார். இருவர் பேசிக்கொண்டால் மூன்றாவதாகச் சேர்ந்தார். லிஃப்ட் கதவு மூடும்போது இடையில் காலை விட்டு, "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்று உப்பு டீ கதையை ஆரம்பித்தார். ஒருவராலும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடிக்காமல் எப்படி விடைபெறுவது? கடைசியில் தப்பித்தால் போதும் என்று அவர்களாகவே கூட்ட அறைக்குள் ஓடி வந்து உட்கார்ந்தபோது, கார்டின் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. திறந்தது, அனுப்பியது, நின்றது, மறுபடி ஓடியது. எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார் கண்ணாடிக்காரர். எனக்கே கைதட்டவேண்டும்போல இருந்தது.

கார்டு அக்கா கைதட்டவில்லை. அப்போது வயிற்றைப் பிடித்தாரே, அது வலிதான். வீட்டுக்காரர் காரோடு வந்தார், மாமியார் பின் சீட்டில் இடம் பண்ணி மருமகளை உட்காரவைத்தார். கார் நகர்ந்தபோதுதான் கார்டு அக்கா பக்கத்தில் பார்த்தார். அவருக்கும் மாமியாருக்கும் நடுவில் நம்மவர், மடியில் பையோடு.

"நீங்க எங்க?"

"துணைக்குதான்க்கா. நான் எவ்வளவு இடத்தை அடைச்சிடப் போறேன்? குழந்தைக்குப் பேர் யோசிச்சாச்சா? செல்லப் பேர் ஒண்ணு..."

நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது, 'இந்த இடத்தில் நம் அனுபவம் ஒன்றை, சின்னதாக ஒரு வரி, சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா?

எந்த இடத்தில்? கடைசியில் இல்லை, அல்லவா?