ஐரோப்பாவில் பேச்சு அடிபடுகிறது

அப்பாக்களில் பல ரகம் உண்டு. குழந்தை அழ ஆரம்பித்ததும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறவர், மார்க் குறைந்தால் வாத்தியாரைத் தேடிக்கொண்டு கிளம்புகிறவர், பிள்ளை என்ன வகுப்பு என்று யாராவது கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறவர் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களெல்லாம் சாதுக்கள். நான் சொல்லவந்தது வேறொரு ரகம். அமெரிக்காவில் எங்கள் செயின்ட் லூயிஸ் பக்கம் சனிக்கிழமை காலையில் எந்தக் கால்பந்து மைதானத்துக்குப் போனாலும், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு அதில் ஒரு நிமிஷம்கூட உட்காராமல் நிற்பார். அவர்தான் ஐரோப்பா அப்பா.

கண்டுபிடிப்பது சுலபம். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் ஏதோ ஒரு ஜெர்மன் கிளப்பின் கம்பளித் துண்டு இருக்கும். போன வருஷம் வரைக்கும் ஊரோடு சேர்ந்து ‘சாக்கர்’ என்று சொன்ன வாய், இப்போது ‘ஃபுட்பால்’ என்றுதான் சொல்லும். முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறாராக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏமாந்து பதில் சொன்னால், பாவம் அறியாத ஜென்மம் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். உள்ளூர் கிளப்பின் ஆட்டங்களைப் பார்க்கமாட்டார். அதெல்லாம் ஒரு ஆட்டமா? அந்த உள்ளூர் கிளப்தான் தன் பிள்ளைக்குப் பந்தை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொடுத்தது என்பது அவருக்கு ஞாபகம் வராது, நாமும் ஞாபகப்படுத்தக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடம் ஒரு வாசகம் உண்டு. நம்மைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவார்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. ஐரோப்பாவுல பேச்சு அடிபடுது.”

யார் பேசுகிறார்கள், எந்த ஊரில் பேசுகிறார்கள் என்றெல்லாம் குறுக்கே கேட்கக் கூடாது. ஐரோப்பா பெரிய கண்டம், பேசுவதற்கு அங்கே ஆளா இல்லை?

இந்த ரகத்தில் நான் பார்த்த சுத்தமான சரக்கு வாரன் பிராண்ட்மையர். குளிர்சாதனம் பொருத்தும் கம்பெனியில் மேலாளர், நல்ல மனிதர், யார் வீட்டில் மெஷின் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவார். அவருக்கு ஒரே மகள், கிரேட்டா. பதினாறு வயது. ரிவர் பிளஃப் கிளப்பில் ஆடுகிறாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவள் நன்றாகத்தான் ஆடினாள். அதுதான் வினையே. ஆடத் தெரியாத பிள்ளையின் அப்பாவுக்கு இந்த வியாதி வந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போகும். ஆடத் தெரிந்த பிள்ளையின் அப்பாவுக்கு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

வாரன் மகளின் ஆட்டத்தை நேராகப் பார்த்ததே கிடையாது. தென்னை உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் உச்சியில் கேமரா, கையில் சின்னத் திரை. ஆட்டம் முழுக்க அந்தத் திரையைத்தான் பார்ப்பார். சாயங்காலம் அதை வெட்டி ஒட்டி, கிரேட்டாவின் தலைக்கு மேலே ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டு, மைதானத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு மேளதாளம் சேர்த்து, டென்மார்க், பெல்ஜியம், போர்ச்சுக்கல் என்று பார்த்த இடத்துக்கெல்லாம் அனுப்புவார். அந்த வீடியோக்களில் கிரேட்டா கோல் மட்டுமே அடித்துக்கொண்டிருப்பாள். நாள் முழுவதும். மூச்சு வாங்காமல்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பதினெட்டு முடியாத பிள்ளையை வெளிநாட்டுக் கிளப் எதுவும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் சட்டம். ஆனால் ஐரோப்பியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் பதினாறிலேயே அங்கே போய் ஆடலாம். இந்த ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து அமெரிக்காவில் எத்தனை அப்பாக்கள் தங்கள் முன்னோர்மேல் திடீர்ப் பாசம் கொண்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் எந்த ஸ்கூலில் படித்தீர்கள் என்று கேட்பதுதான் வழக்கம். வாரன் அதை விட்டுவிட்டு, உங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்க ஆரம்பித்தார்.

அவருடைய சொந்தத் தாத்தாக்கள் உதவவில்லை. ஜெர்மனியை விட்டு அவர்கள் கிளம்பி ரொம்பத் தலைமுறை ஆகிவிட்டது. அப்போதுதான் மனைவி நோரீனின் அப்பா ஞாபகம் வந்தது. டெக்லன் அயர்லாந்தில் பிறந்து வாலிபத்தில் கப்பலேறியவர். பேத்திக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்க அது போதும். அதுவரை வாரன் அவரோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. கிழவர் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தால் வாரன் எழுந்துபோய்க் குளிர்சாதனத்தைப் பரிசோதிப்பார். இப்போது என்னடாவென்றால், முடிவெட்டக் கூட்டிப்போகிறார், பீர் வாங்கி ஊற்றுகிறார், எங்கள் ஊர்ப் பலகாரமான வறுத்த ராவியோலியைத் தட்டில் அவரே எடுத்துவைக்கிறார். கிழவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ள, டாக்டர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா? நான் போகப்போறேனா?” என்று கேட்டார்.

“ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. நீங்க பொறந்த ஊரு பேரு என்னன்னு சொன்னீங்க?”

பாஸ்போர்ட் வந்தது. அதே சமயம் இன்னொன்றும் வந்தது. ரிவர் பிளஃப் கிளப்பின் கோச் டார்வர் அம்மாள், ஒரு சீசன் முழுக்க கிரேட்டாவை இடப்பக்கத் தடுப்பில், அதாவது லெஃப்ட் பேக்காக, நிறுத்திப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் பிறந்ததே அந்த இடத்துக்குத்தான் என்று முடிவு செய்து, பெரியவர்களின் முதல் அணியிலேயே ஆட ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார். பதினாறு வயதில், பெரியவர்களோடு. கிரேட்டாவுக்குக் கால் தரையில் படவில்லை. முன்னால் ஓடி கோல் அடிப்பதைவிட, பின்னாலிருந்து மொத்த மைதானத்தையும் பார்த்துப் பார்த்து ஆடுவதுதான் அவளுக்கு உயிர்.

வாரனுக்கோ அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தடுப்பா? என் பெண்ணா? அதனால்தானே அந்த சீசன் பூராவும் வீடியோவில் அவர் தடுப்பாட்டத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, எப்போதாவது அவள் முன்னேறிப்போய் அடித்த கோல்களோடு பழைய கோல்களையும் சேர்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். தவிர, இங்கே கையெழுத்துப் போட்டால் இந்தக் கிளப்புக்குக் கட்டுப்பட்டவள் ஆகிவிடுவாள், கை வீசிக்கொண்டு போகிற பிள்ளையைத்தான் ஐரோப்பா விரும்பும் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டார்வர் அம்மாள் சண்டை போடவில்லை. ‘இடம் காத்துக்கிட்டு இருக்காது சார்’ என்று மட்டும் சொன்னாராம்.

டென்மார்க்கில் கடலோரமாக ஒரு கிளப், வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வந்து ஆடிக்காட்டச் சொன்னது. வாரன் தெருவில் யாரையும் விடவில்லை. தபால்காரருக்குக்கூடத் தெரியும். வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

விமானத்தில் கிரேட்டா மெதுவாக ஆரம்பித்தாள். “அப்பா, நான் லெஃப்ட் பேக்னு அவங்ககிட்ட சொல்லிடட்டுமா?”

“வாயைத் தொறக்காத கண்ணு. தடுக்கிற பிள்ளைக்காக யாரும் கடல் தாண்டி வரமாட்டாங்க. கோல் போடு, அது போதும்.”

அவள் போடவில்லை. முன்வரிசையில் நிறுத்தினார்கள், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். அந்த ஊர்ப் பெண்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வாரன் குளிரில் நடுங்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி, மைதானம் ஈரம், பந்தில் காற்று அதிகம், நேர மாற்றம் என்று காரணங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் பயிற்சி ஆட்டத்தில் அவர்களுடைய லெஃப்ட் பேக்குக்குக் கணுக்கால் பிசகியது. யாரையும் கேட்காமல் கிரேட்டா பின்னால் ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமாக ஒரு பந்துகூடப் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டென்மார்க் கோச் வாரனிடம் வந்தார். பூசி மெழுகத் தெரியாத பெண்மணி.

“கோல் அடிக்க எங்ககிட்ட வேணுங்கிற அளவு ஆள் இருக்கு. லெஃப்ட் பேக்தான் தேடிக்கிட்டிருக்கோம். இது ஏன் வீடியோவுல இல்ல?”

வாரன் கையிலிருந்த திரையை அணைத்தார்.

“அப்பா வெட்டிட்டார்” என்றாள் கிரேட்டா.

பெரியவர்களோடு எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாள் என்று கோச் அடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஏன்? கிரேட்டா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல பெண், ஆனால் பத்து நிமிஷத்தைப் பார்த்து எடுக்க முடியாது, ஊரில் ஒரு சீசன் பெரியவர்களோடு ஆடிவிட்டு வரட்டும், அப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு வந்தால் இடம் இல்லை. லெஃப்ட் பேக் இடத்தில் இமானி என்ற பெண் கையெழுத்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கிரேட்டா மறுபடியும் சின்னப் பெண்களோடு. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம் முழுக்க, வார நாட்களில் மாலை அந்தத் தெருவில் நடந்தவர்களுக்கு பிராண்ட்மையர் வீட்டுக் கார் ஷெட் சுவரில் ஒரு பந்து மோதுகிற சத்தம் கேட்டிருக்கும். உள்ளே வாரன் புது வீடியோ வெட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்த கோடையில் டென்மார்க்கிலிருந்து ஆள் வந்தது, கிரேட்டாவைத் தேடி அல்ல. கிரேட்டா ஆடிக்காட்டிய அந்த வாரத்துக்குப் பிறகு அந்த கோச் ரிவர் பிளஃப் ஆட்டங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதினெட்டு முடிந்த இமானியை முறைப்படி கிளப்பிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாரன் ஒடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பிரிவு உபசாரத்தில் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வழியைத் திறந்துவிட்டதே நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கொடுமை என்னவென்றால், அது உண்மை.

இமானி போனதும் டார்வர் அம்மாள் கிரேட்டாவைக் கூப்பிட்டு அதே ஒப்பந்தத்தை மறுபடி நீட்டினார். இந்த முறை வாரன் வேலையிலிருந்து வருவதற்குள் சமையலறை மேஜையில் வைத்து அம்மா நோரீன் கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்ததும் அவர் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார். மகள் விடவில்லை.

“சனிக்கிழமை முதல் மேட்ச். வர்றதா இருந்தா வா. கம்பத்தை வீட்ல வெச்சுட்டு வா.”

வந்தார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அம்புக்குறி இல்லாததால் முதலில் மகளைத் தேடவேண்டி இருந்தது. அப்புறம் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் பந்து வராதபோதும் ஓடிக்கொண்டே இருந்தாள், கூட ஆடுகிறவர்களை விரலைக் காட்டி நகர்த்தினாள், கத்தினாள். இவ்வளவு பெரிய குரல் தன் மகளுக்கு உண்டு என்பதே வாரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அதை எடுத்துவிட்டு மேளம் போட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. கம்பளித் துண்டால் துடைத்துக்கொண்டார். தள்ளி நின்று பார்த்த நான், சரி, ஆள் தெளிந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், அந்த லெஃப்ட் பேக் யார், நல்லா ஆடுதே அந்தப் பொண்ணு என்றார்.

வாரன் கம்பளித் துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். என்னால் சத்தியம் செய்ய முடியும், அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அந்த மனிதர் காதோரம் குனிந்தார்.

“வெளிய சொல்லாதீங்க...”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒன்று வளர்கிறதே, அதற்கு எதில் உயிர் என்று இப்போது யாராவது உங்களைக் கேட்டால், உடனே பதில் வருமா? அல்லது எந்த நாட்டுக்குப் போகப்போகிறது என்பதுதான் முதலில் வாயில் வருமா? யோசித்து வையுங்கள், அவசரமில்லை. அதற்குள் ஒரு தடவை கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் கம்பளித் துண்டு உங்களுக்கு எதற்கு?