கம்பெனிப் பரீட்சையா, பொதுப் பரீட்சையா: மாப்பிள்ளைக்கு என் தீர்ப்பு

ஸ்ரீரங்கம்,
புதன்கிழமை தொடங்கியது.

தோஹாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை நவநீதன் அவர்களுக்கு, மாமனார் மருதை தன் கையாலேயே எழுதுவது. இங்கே நான், உங்கள் மனைவி பொன்னுத்தாய், பேத்தி இளவேனில் எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டாம் என்று இங்கேயே வைத்துக்கொண்டேன். உங்கள் சௌக்கியத்துக்கு ரங்கநாதர் பொறுப்பு.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் நாலு வாக்கியம் பேசிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தவிர, போன தை மாதம் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் பரீட்சை எழுதித் தேறி, சான்றிதழ் வாங்கி, லேமினேட் போட்டு, டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் சான்றிதழ் விஷயம் என்றால் இனி என்னையும் கேட்கத்தான் வேண்டும். கேட்டும்விட்டீர்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

வழக்கை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலைக்கு இரண்டு விதப் பரீட்சை இருக்கிறது. ஒரு கம்பெனி தான் விற்கிற இணைப்புப் பெட்டிகளுக்கு மட்டும் நடத்துவது ஒன்று. எந்தக் கம்பெனியையும் சேராமல் பொதுவாக நடத்துவது இன்னொன்று. உங்கள் ஆபீஸ் முழுக்க அந்தக் கம்பெனிப் பெட்டி என்பதால் நீங்கள் கம்பெனிப் பரீட்சை என்கிறீர்கள். இளவேனில் பொதுப் பரீட்சை என்கிறாள். "உங்க ஆபீஸ் பெட்டியை வெச்சு என் வாழ்க்கையை முடிவு பண்ணாதீங்கப்பா" என்று அவள் சொல்ல, "அப்ப நீயே பாத்துக்க" என்று நீங்கள் போனை வைக்க, அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. நடுவில் பொன்னுத்தாய் "சாப்ட்டியான்னு கேக்குறாரு", "சாப்ட்டேன்னு சொல்லு" என்று தந்தி ஆபீஸ் நடத்துகிறாள். மாசக் கடைசியில் பெண்ணுக்குச் சென்னையில் இன்டர்வியூ. இரண்டையும் படிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாலக்கரைப் பயிற்சி சென்டரில் ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். மாமா விசாரித்து எதைச் சொன்னாலும் சம்மதம் என்றீர்கள். அவளும் "தாத்தா சொன்னா சரி" என்றாள்.

சென்டரில் விசாரிக்கப் புறப்படும்போதே என்னிடம் தீர்ப்பு தயாராக இருந்தது, பொதுப் பரீட்சைதான் என்று. காந்தி மார்க்கெட் மண்டியில் மூட்டை தூக்கிய காலம் முழுக்க எனக்குத் தெரிந்த பஸ் போர்டு ஸ்ரீரங்கம் ஒன்றுதான். அதையும் படித்ததில்லை, முதல் எழுத்தின் முக அடையாளம் தெரியும், அவ்வளவே. இப்போது எல்லா போர்டும் என்னிடம் பேசுகிறது. ஒரு போர்டு தெரிந்தவன் ஓர் ஊருக்குத்தான் போவான், பொதுவாக எழுத்துப் படித்தவன் எங்கேயும் போவான் என்பது என் வாதம்.

செவ்வாய்க்கிழமை காலை இளவேனில் முன்னால் போய்விட்டாள். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். ஊகித்துப் படிக்கக் கூடாது, கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கடைசி எழுத்துக்கு நான் வருவதற்குள் பஸ் போய்விடுகிறது. ஒரு கண்டக்டர், "பெரியவரே, ஏறுறீங்களா, இல்ல அங்கேயே நின்னு பரீட்சை எழுதுறீங்களா?" என்றார். பாலக்கரை வழி என்று போட்ட திருவெறும்பூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதுதான் தப்பு. வழியெல்லாம் கடை போர்டுகள். ஒரு நகைக்கடைக்காரர் தன் பெயர், அப்பா பெயர், நகைகளின் பெயர் எல்லாம் போட்டிருந்தார். சிக்னலில் பஸ் நின்றதால் முழுக்கப் படிக்கக் கொடுத்துவைத்தது. அதற்கு அடுத்து ஒரு பாத்திரக்கடை, ஒரு பல் டாக்டர், அப்படியே போனதில் பஸ் காலியாகிவிட்டது.

"பாலக்கரை எப்பங்க வரும்?" என்று அந்த பஸ் கண்டக்டரைக் கேட்டேன்.

"இது திருவெறும்பூருங்க. பாலக்கரைன்னு தொண்டை கிழியக் கத்துனேனே, காதுல விழலியா?"

"படிச்சுக்கிட்டிருந்தேங்க."

"அப்படி என்னத்தைப் படிச்சீங்க?"

"நகைக்கடை போர்டுதாங்க. அவங்களுக்கு வேற எங்கயும் கிளை இல்லையாம்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்க இறங்கிப் போனார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினேன், தூங்கிவிட்டேன், பாலக்கரை மறுபடியும் போய்விட்டது. ஒருவழியாக நடந்து போய்ச் சேர்ந்தபோது சென்டர் மாஸ்டர் செபஸ்தியான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பெண் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போனை ஏன் தாத்தா எடுக்கல? எத்தனை தடவை அடிச்சேன்."

"யாரு கூப்பிடுறாங்கன்னு பேரைப் படிச்சேம்மா. அதுக்குள்ள நின்னுடுது."

மாஸ்டர் நல்ல மனிதர். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்தபடியே விளக்கினார். "கம்பெனி சான்றிதழ் இருந்தா, அந்தப் பெட்டி இருக்கிற ஆபீஸ்ல போன அன்னைக்கே வேலையில உக்காரலாம். மத்த ஆபீஸ்ல மதிப்புக் கொஞ்சம் கம்மி. பொதுவானது இருந்தா எல்லா ஆபீஸ் பேச்சும் புரியும், ஆனா எந்தப் பெட்டியையும் தனியாப் பழகித்தான் ஆகணும் பெரியவரே." எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லா ஊர்ப் பேச்சும் எனக்குப் புரிந்தது, எந்த ஊரிலும் உட்காரத்தான் முடியவில்லை. சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. படிக்கவேயில்லை. முகத்தைப் பார்த்தேன், ஏறினேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நன்றாக யோசித்து, கண்ணாடி துடைத்து எழுதுகிறேன். கம்பெனிப் பரீட்சைதான். நீங்கள் சொன்னதே சரி. மகளிடம் பேசிவிடுங்கள், அவள் நீங்கள் இல்லாதபோது உங்கள் சட்டையைத்தான் வீட்டில் போட்டுக்கொள்கிறாள்.

வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க ரங்கநாதரும் தாயாரும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
சொந்தக் கையெழுத்தில்,
மருதை

பின்குறிப்பு: இப்போது வெள்ளிக்கிழமை. நான் மெதுவாக எழுதுகிறவன், நீங்கள் பொறுத்திருக்கவில்லை. நேற்றே இளவேனிலைக் கூப்பிட்டு என் திருவெறும்பூர் பயணத்தைச் சொல்லிச் சிரித்து ராசியாகிவிட்டீர்களாம். நல்லது. நீங்கள் "உன் இஷ்டப்படி பொதுப் பரீட்சையே எழுதும்மா" என்றீர்களாம். அவள் "வேணாம்ப்பா, நீங்க சொன்னதையே எழுதுறேன்" என்றாளாம். "நான்தான் விட்டுக்குடுக்குறேன்ல?" "நான் மட்டும் என்ன பண்றேனாம்?" என்று வளர்ந்து, மறுபடியும் பேச்சில்லை. என் தீர்ப்பு இப்போது யாருக்குச் சாதகம் என்று எனக்கே தெரியவில்லை. அவள் காலையிலேயே சென்டருக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். எந்தப் பரீட்சைக்கென்று கேட்டால், "பாஸ் பண்ணிட்டு அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்கிறாள். தோஹாவுக்குக் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரமாவது ஆகுமென்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள். அதற்குள் தேறியிருப்பாள். மேலே கம்பெனிப் பரீட்சை என்று நான் தீர்ப்பு எழுதிய இடத்தில், அவள் தேறிய பரீட்சையின் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளவும்.