கமிட்டி பாயும் ஆறு மோட்டார் வள்ளங்களும்

தஞ்சாவூர் ஜில்லாவில் மிராசுதார், விவசாயச் சங்கத்துக்காரர், சுங்க அதிகாரி ஆகிய மூவரும் எந்த விஷயத்திலாவது ஒத்துப்போய் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மூவரும் ஒரே ஆளைப் பார்த்து, ஒரே மாசத்தில், ஒரே மாதிரி சந்தேகப்பட்டார்கள். அந்த ஆள் கமிட்டி பாய். இதில் நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர்மேல் முதலில் சந்தேகப்பட்டவனே நான்தான்.

அப்போது நான் பட்டுக்கோட்டையில் ஒரு ஆயில் இன்ஜின் கடையில் குமாஸ்தா. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஐந்து குதிரை சக்தி இன்ஜின்களை விற்பதும், தாளடி என்கிற இரண்டாம் போக அறுப்பு முடிந்ததும் அவற்றை சர்வீஸ் செய்து தருவதும் எங்கள் தொழில். ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் சில இன்ஜின்கள் உப்புப் பூத்து வந்து சேரும். ஒரு வருஷம் வந்த இன்ஜின் ஒன்றின் அடித்தட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வடசேரிப் பக்கத்து நெல்வயலில் எப்போதிலிருந்து மத்தி மீன் விளைகிறது என்று முதலாளி என்னைக் கேட்டார். அவர் சொந்தக் கைக்கடிகாரத்தையே நம்பாமல் மணிக்கூண்டைப் பார்த்துச் சரிசெய்து, பிறகு மணிக்கூண்டையும் நம்பாமல் ரயிலைப் பார்த்துச் சரிசெய்கிற மனிதர். அடுத்த அறுப்பு நெருங்கியதும், விசாரித்து வரச்சொல்லி என்னைக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்துக்கு அனுப்பினார்.

அங்கே கடைத்தெருவில் கயிறு, வலைநூல், கப்பல் ஆணி விற்கிற சின்னக் கடை. உள்ளே வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச் சகிதமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கமிட்டி பாயின் சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வாலிபத்தில் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது அங்கே வெள்ளைக்காரர்கள் மோட்டார் போட் பந்தயம் விடுவதைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் ஆரம்பித்ததுதான் 'உப்பங்கழி மோட்டார் வள்ளப் பந்தயக் கமிட்டி'. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. மூன்று பதவிக்கும் மூன்று ரப்பர் ஸ்டாம்ப், மூன்று நாற்காலி. செயலாளர் நாற்காலியில் இருந்து எழுதிய கடிதத்தைத் தலைவர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து படித்து, "இதுல எனக்குச் சம்மதமில்லை" என்று அவரே திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

பந்தயம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அறுவடை முடிந்ததும் பம்பு செட் டிரைவர்கள் ஆறு பேர் பண்ணை இன்ஜினை 'சர்வீஸுக்குப் போகிறது' என்று சொல்லிக் கழற்றிவருவார்கள். வள்ளத்தில் ஏற்றி, தண்டும் தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடியும் மாட்டி, உப்பங்கழியில் இரண்டு சுற்று ஓட்டுவார்கள். பிறகுதான் இன்ஜின் எங்கள் கடைக்கு வரும். எல்லாரும் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். ஜெயித்தவருக்கு ஒரு மாலை, ஒரு பிரியாணிப் பொட்டலம், அவ்வளவுதான்.

நான் உளவு பார்க்க வந்தவன் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. இன்ஜின் கடையில் இருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் செயலாளர் நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது. விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் பக்கிரிசாமி என்கிற டிரைவர் திருப்பத்தில் வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டார். கரையில் இருந்து ஆள் நீந்திப்போய்த் தூக்கிவருவதற்குள் வயிறு உப்பி, கண் செருகிப்போயிற்று. ஆள் பிழைத்தது புண்ணியம். போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டையும் நடுத்தண்ணீரில் ஒரு காவல் படகும் இல்லாமல் இனிமேல் பந்தயம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பந்தயம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"பந்தயம் நின்னுடும் தம்பி. பக்கிரிசாமி நிப்பானா? அவன் தனியா இறங்கி ஓட்டுவான். யாரும் பாக்காத நேரத்துல கவுந்தா யாரு தூக்குறது? நான் சொன்னா கேக்க மாட்டான். சட்டம்னு ஒண்ணு போட்டா கேப்பான். அதுக்குத்தான் ஸ்பான்சர் வேணும்."

அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பினாங்கில் சோப்புக் கம்பெனியும் சிகரெட் கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு எல்லாம் வாங்கித்தருவார்களாம். இங்கே ஒருவரும் ஏன் தருவதில்லை? நாம் ஒழுங்காகக் கேட்பதில்லை. லெட்டர் பேடு, படிவம், மூன்று பிரதி, சீல், கையெழுத்து என்று முறைப்படி போனால் தானாகத் தருவார்கள். இதுதான் அவருடைய சித்தாந்தம். நான் கடைக்குத் திரும்பி, ஆள் ஏதோ பெரிய காரியம் செய்கிறார், என்னவென்று பிடிபடவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். கூடவே இருந்து கண்டுபிடிக்கச் சொன்னார்.

முதலில் பக்கிரிசாமி வேலைபார்த்த பண்ணையின் மிராசுதாரிடம் போனோம். காலம் எப்படிப்பட்ட காலம் என்பதை நீங்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவுசெய்துகொண்டிருந்த நேரம். சீல் வைத்த காகிதத்தைத் தூரத்தில் பார்த்தாலே மிராசுதார்கள் கொல்லைப்புறமாக இறங்கிப்போய்விடுவார்கள். பாய் கான்வாஸ் ஷூவோடு நிமிர்ந்து நின்று, மூன்று சீல் குத்திய 'புரவலர் விவரப் படிவம்' ஒன்றை நீட்டினார். மிராசுதார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஏழாவது கேள்விக்கு வந்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். 'தங்களுக்கு நிலம் எத்தனை ஏக்கர்? யார் யார் பெயரில்?'

பந்தயத்தன்று அந்தஸ்துப்படி நாற்காலி போடுவதற்காகக் கேட்ட கேள்வி அது. பாயின் மனசில் வேறு ஒரு களங்கமும் இல்லை. இதை அவர் பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். நான் அதையும் நம்பவில்லை.

"எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?" என்றார் மிராசுதார்.

"கமிட்டிலேர்ந்துங்க."

"எனக்குன்னு ஒண்ணும் இல்லீங்க. வாசல்ல கட்டியிருக்கே மாடு, அதுகூட மச்சினன் பேர்லதாங்க இருக்கு. பம்பு செட்டும் அவன் பேர்லதான். நான் இங்க சும்மா வந்து தங்கியிருக்கேன்."

சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்ட மனிதர் எங்களுக்குக் காபி கொடுத்து, நாங்கள் வந்த வண்டியில் ஒரு தார் பூவன் பழமும் ஏற்றி, தெருமுனை வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார். படிவத்தை மட்டும் திரும்ப விரலால் தொடவில்லை. பாய்க்கு ஒரே சந்தோஷம். முறைப்படி போனதால் கிடைத்த மரியாதையைப் பார்த்தீர்களா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டுவந்தார்.

பூவன் தார் வந்த வண்டியைப் பார்த்தவர்கள் விவசாயச் சங்கத்தில் போய்ச் சொல்லிவிட்டார்கள். கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்குவதுதான் அப்போது ஊருக்கு ஊர் சண்டை. லாரியில் இறக்கினால் மறிப்பார்கள் என்று மிராசுதார் கடல் வழியாக ஆள் இறக்கப் போகிறார், அதற்குத்தான் ஆறு மோட்டார் வள்ளமும் ஒரு கமிட்டியும் என்று சங்கத்தில் முடிவு கட்டினார்கள். பந்தயத்துக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று பாய் எழுதிய கடிதத்தை வாங்கிய சங்கச் செயலாளர், அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நெருப்பில் வாட்டினால் எழுத்துத் தெரியும் என்று ஒருவர் யோசனை சொல்ல, கடிதம் எரிந்தேபோயிற்று.

பிறகு கொடி. பந்தயம் தொடங்க ஒரு கொடி வேண்டும். சிவப்பு என்றால் ஒரு கட்சி, கறுப்பும் சிவப்பும் என்றால் இன்னொரு கட்சி, பச்சை, மூவர்ணம் எதை எடுத்தாலும் ஒரு ஆள் வந்து என்ன அர்த்தம் என்று கேட்டார். கடைசியில் பாய் தன்னுடைய கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கிழித்து மூங்கிலில் கட்டினார். பினாங்கிலும் கட்டம் போட்ட கொடிதான் என்று சத்தியம் செய்தார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

இத்தனை நடந்தும் ஒரு புரவலரும் அகப்படவில்லை. என் முதலாளிகூடப் படிவத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாரே தவிரக் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் முறையில் இன்னும் குறை இருக்கிறது என்று பாய் முடிவு செய்து, உப்பங்கழியின் வரைபடம் ஒன்றை அச்சடித்து ஒட்டினார். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்தக் கம்பத்தில் வள்ளம் திரும்ப வேண்டும், எத்தனை நிமிஷத்தில் எங்கே வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. கள்ளத்தோணிக்குப் பேர்போன கடற்கரை. வேகமான ஆறு படகு, ஆழம் குறித்த படம், நொடிக்கணக்கில் நேரம். மறுநாளே சுங்க அதிகாரி கூப்பிட்டனுப்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

"இவ்வளவு துல்லியமா எதுக்குய்யா போட்டிருக்கே?" என்றார் அதிகாரி.

"எதையும் புரொபஷனலா செய்யணும் சார்."

அதிகாரி படத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினஞ்சு வருஷமா கடத்தல்காரனைப் பிடிக்கிறேன். ஒருத்தன்கூட இவ்வளவு புரொபஷனலா இருந்ததில்லை."

அவர் கெட்டிக்காரர். தடுத்தால் ஆள் தப்பித்துவிடுவான், நடக்கவிட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டார். இன்ஸ்பெக்டரிடம் அவரே பேசி அனுமதி வாங்கித்தந்தார். இரண்டே நிபந்தனை. இலாகாவின் விசைப்படகு நடுக்கழியில் நிற்கும். ஓட்டுகிற ஆறு பேரும் இலாகாவின் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை, முதுகில் எண்ணோடு, மாட்டிக்கொள்ள வேண்டும். எவன் எங்கே நழுவினாலும் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும் அல்லவா. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அதிகாரிக்குத் தலைமைப் புரவலர் சான்றிதழ் எழுதி மூன்று சீலும் குத்தி நீட்டினார். அதிகாரி அதைக் கையால் தொடாமல், பென்சிலால் தள்ளி ஓரமாக வைத்தார்.

பந்தயத்தன்று கரையில் நிற்க இடமில்லை. பந்தயம் பார்க்க வந்தவர்கள் குறைவு. சங்கத்துக்காரர்கள் ஆள் இறங்குகிறதா என்று பார்க்க வந்தார்கள். சுங்கத்துக்காரர்கள் எல்லாரையும் பார்த்தார்கள். மிராசுதார் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று, தன்னுடைய இன்ஜினின் சத்தம் மாதிரியே கேட்கிறதே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கடையில் இருந்துகொண்டு என்னை அனுப்பியிருந்தார்.

பக்கிரிசாமி சட்டையை மாட்ட மறுத்தார். "இதைப் போட்டுக்கிட்டா கை அசையல பாய். எனக்கு நீச்சல் தெரியும்."

பாய் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். "விதி பதினாலு. சட்டை இல்லாம கொடி இறங்காது."

"இந்த விதியை யாரு போட்டா?"

"தலைவர் போட்டாரு. செயலாளர் நான் என்ன செய்யுறது?"

கொடியைத் தூக்கிப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார். ஐந்து இன்ஜின்கள் புகைந்துகொண்டிருந்தன. தாமதம் ஏன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு முன்னால் நகர்ந்தார்கள். பாய் மூங்கிலைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். கொடி மட்டும் இறங்கவில்லை. பக்கிரிசாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை மாட்டி முடிச்சுப் போட்டார்.

இரண்டாவது சுற்று, அதே திருப்பம். பக்கிரிசாமியின் வள்ளம் கம்பத்தில் உரசி ஒருபக்கமாகச் சாய்ந்து குப்புறக் கவிழ்ந்தது.

"ஐயையோ, என் இன்ஜின்" என்று தென்னை மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. சங்கத்துக்காரர்கள் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பினார்கள். அது யார் பேரில் இருந்த இன்ஜின் என்று அங்கே தொடங்கிய வாக்குவாதம் சித்திரை முடிகிறவரை நடந்தது. சுங்கப் படகு பாய்ந்து போய், கவிழ்ந்த வள்ளத்துக்குள் முதலில் சோதனை போட்டது. ஒரு தூக்குச் சட்டியும் கொஞ்சம் மீன் குழம்பும் கிடைத்தன.

நான் இதையெல்லாம் அரைகுறையாகத்தான் பார்த்தேன். பாய் கொடியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருந்தார். கான்வாஸ் ஷூவோடு, படிவக் கட்டோடு, இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. அவருக்கு நீச்சல் தெரியாது என்று கடைத்தெருவுக்கே தெரியும். ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறினார். வாயில் உப்புத் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேற, தூரத்தில் மிதந்த ஆரஞ்சு நிறப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சீல் குத்திய படிவங்கள் எங்களைச் சுற்றி மிதந்தன. ஒன்றைக்கூட அவர் எட்டிப் பிடிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது. அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை, முதல் நாள் டீ கொடுத்துச் சொன்னதுதான் முழு விஷயமும்.

ஆரஞ்சுப் பொட்டு கையை ஆட்டியது. படகுக்காரர்கள் பக்கிரிசாமியைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். பாய் அவரையும் மற்ற வள்ளங்களையும் விரல் விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பதிவு பண்ணிக்குங்க தம்பி," என்றார். "ஆறு பேர் போனாங்க. ஆறு பேரும் வந்துட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

நனைந்த வேட்டியோடு கடைக்குப் போனேன். யார் ஜெயித்தது, யாருடைய இன்ஜின் முதலில் வந்தது என்று முதலாளி கேட்டார். யோசித்துப்பார்த்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"ஆறு பேரும் கரைக்கு வந்துட்டாங்க முதலாளி," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, நீயும் அந்தக் கமிட்டியில சேந்துட்டியா?"

பட்டுக்கோட்டைத் தாலுக்காவில் அந்த வருஷம் எழுந்த அத்தனை சந்தேகங்களிலும் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.