மின்னஞ்சலுக்கு ஈயம் ஊற்றிய எவ்லோகி

கமென்தோல் என்ற மலையூரில் அந்த வாரம் ரொட்டிக்கடையில்கூட அவ்வளவு கூட்டமில்லை. ஊரே எவ்லோகியின் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றது. விடுதி நடத்துகிறவர்கள், தேன் விற்கிறவர், பல் டாக்டர் வரைக்கும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு வைஃபை பெட்டி, குளிப்பாட்டிய குழந்தை மாதிரி துண்டில் சுற்றி. எல்லோருக்கும் ஒரே நோய்: மின்னஞ்சல் வரவில்லை.

பயந்த குழந்தைக்கு ஈயம் ஊற்றுவது அந்த மலைப்பக்கத்து வழக்கம். தலையில் சிவப்புத் துணி போர்த்தி, உருக்கிய ஈயத்தைத் தண்ணீரில் ஊற்றி, உறைந்த வடிவத்தைப் பார்த்து யார் கண் பட்டது என்று சொல்வார்கள். எவ்லோகி காலத்துக்கேற்ற மனிதர். குழந்தையை விட்டுவிட்டு வைஃபை பெட்டிக்கு ஊற்றினார். ஐம்பது யூரோ, கூடவே ஒரு பாட்டில் ரக்கியா சாராயம். மூன்றே நாளில் அஞ்சல் வந்துவிடும். வந்தும் விட்டதே, அதுதான் அதிசயம்!

ஊரில் எல்லோருக்கும் இணையத்தில் சொந்த முகவரிப் பெயரைப் பதிவு செய்து கொடுத்தவரும் இதே எவ்லோகிதான். "பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்தா தொலைச்சிடுவீங்க" என்று அதையும் தானே வைத்துக்கொண்ட தயாளர்.

ஸ்லாத்காவுக்கு மட்டும் இரண்டு முறை ஊற்றியும் பலிக்கவில்லை. ஐந்து அறை விடுதி அவளுடையது. போலந்துப் பள்ளி ஒன்று ஜூன் மாதம் முழுக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒப்பந்தம் மின்னஞ்சலில் வர வேண்டும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இவள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். இந்தக் கோடையும் காலியாகப் போனால் விடுதியை மூடவேண்டியதுதான்.

இரண்டாம் முறை எவ்லோகி ஈயத்தை உற்றுப் பார்த்தார்.

"குட்டை முடி, கண்ணாடி போட்ட பொம்பளை. உன் வீட்டுக்குள்ளேயே இருக்கா. அவ வெளியே போகாம அஞ்சல் உள்ளே வராது."

அவ்வளவு துல்லியம்! ஸ்லாத்காவின் தங்கை கிச்காவுக்குக் குட்டை முடி, கண்ணாடி. இருபது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். போன புதன்கிழமை கடைக்குப் போய் "எங்க பாஸ்வேர்டைக் கொடுங்க மாஸ்டர்" என்று கேட்டவளும் அவள்தான். ஈயத்துக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

ஸ்லாத்கா வீட்டுக்குள் நுழைந்ததுமே வெடித்தாள். "உன் கண்ணுதான்டி! கூடப் பொறந்தவளே குழி பறிக்கிறியா?"

கிச்கா போனை நீட்டினாள். "கத்தாதே அக்கா, இதைப் பாரு. இணையத்துப் பதிவேடு, யார் வேணா பார்க்கலாம். ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘கடிதத்தை இந்த வாசல்ல கொடு’ன்னு ஒரு வரி இருக்கணும். உன் பேருக்கு இல்லே. போன மாசம் இருந்துச்சு."

"கண்ணு பட்டு அழிஞ்சிருக்கும்."

"ஏன், கண்ணுக்குக் கை முளைச்சிருக்கா?"

ஸ்லாத்கா மசியவில்லை. "வெள்ளிக்கிழமை மூணாவது தடவை ஊத்தப்போறாரு. நீ போறேன்னு சொன்னா போதும், அன்னைக்கே அஞ்சல் வந்துடுமாம். வந்துட்டா நீ மூட்டை கட்டணும்."

"கட்டறேன். ஆனா அதுக்கு முன்னாடி உன் அடையாள அட்டையை, பேரைப் பதிவு செஞ்ச கம்பெனிக்கு அனுப்பிப் புதுப் பாஸ்வேர்டு வாங்குவோம். பேரு உன்னோடதுதானே? அவர் ஈயத்துக்கு உன் பாஸ்வேர்டு எதுக்கு?"

ஸ்லாத்கா அடையாள அட்டையை எடுத்து மேசையில் போட்டாள். வியாழக்கிழமை மாலை கிச்காவின் போனுக்குப் புதுப் பாஸ்வேர்டு வந்தது. கிச்கா வேறு எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. சிவப்புத் துணிக்கடியில் ஸ்லாத்காவின் பெட்டி. எவ்லோகி கரண்டியைச் சாய்த்தார், ‘சுர்’ரென்றது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"யாரும் அசையாதீங்க. உள்ளே போய் ஜெபம் பண்ணிட்டு வர்றேன்" என்று பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கிச்காவின் போன் ‘டிங்’ என்றது. அவள் உரக்கப் படித்தாள்: "உங்கள் கணக்கைப் பழைய பாஸ்வேர்டால் திறக்க முயன்றார்கள். முடியவில்லை."

மறுபடி ‘டிங்’. மறுபடியும் ‘டிங்’. மூன்றாவது முறை தேன்காரர் கெஞ்சோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எவ்லோகி வியர்வையோடு வெளியே வந்தார். "கண்ணு ரொம்ப பலமா இருக்கு..."

"கண்ணு இல்லே மாஸ்டர், பாஸ்வேர்டு. நேத்து மாத்திட்டோம்" என்றாள் கிச்கா. "எந்தச் சாமி பாஸ்வேர்டு கேக்குது, உள்ளே?"

"ஆனா எனக்கு வந்துச்சேம்மா!" என்றார் கெஞ்சோ.

"வராம என்ன? அந்த வரியை அழிக்கிறதும் இவரு, திரும்ப எழுதுறதும் இவரு. எழுதினது உலகமெல்லாம் பரவ ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். எதுக்கும் இருக்கட்டும்னுதான் அந்த மூணு நாள் கணக்கு."

எல்லோர் முன்னாலும் அந்த ஒரு வரியைத் தட்டிச் சேர்த்தாள். போலந்துக்குப் போன் போட்டு, ஒப்பந்தத்தைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். ஸ்லாத்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாவி, நேத்தே போட்டிருக்கலாமேடி! மணி நாலு ஆகப்போகுது!"

"நேத்தே போட்டிருந்தா இன்னிக்கு ஈயம்தான் கொண்டுவந்துச்சுன்னு என்னை வெளியே தள்ளியிருப்பே."

ஸ்லாத்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் எதிரிலும் அழுதாள். நாலேமுக்காலுக்கு ஒப்பந்தம் வந்தது. அழுத கண்ணோடே கையெழுத்திட்டு அனுப்பினாள்.

எவ்லோகியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. தேன்காரர் அவர் சட்டையைப் பிடித்துப் பாஸ்வேர்டு கேட்டார். பல் டாக்டர் மட்டும் தன் பெட்டியை அணைத்தபடி ஸ்லாத்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இவன் ஃபிராடு, சரி. பக்கத்து ஊர்ல ஒரு அம்மா மெழுகு ஊத்துறாங்களாம். அவங்க நிஜமாம்."

"ஏன் டாக்டரே, பல்லு வலின்னு வந்தா வாயைத் திறக்கச் சொல்றீங்களா, இல்லே யார் கண்ணு பட்டுச்சுன்னு கேக்குறீங்களா?" என்றாள் ஸ்லாத்கா.

டாக்டர் யோசிக்க ஆரம்பித்தார். ஐம்பது யூரோ கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. நீங்களாவது முன்னாலேயே செய்யுங்கள், ஐயா. யோசிப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.